தொப்பூர் இறக்கத்தில் ஒரு நியூரல் நெட்வொர்க்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. பெங்களூர்ப் பக்கமிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வரும் எந்த லாரியானாலும் இந்த 600 மீட்டரை எங்காவது இறங்கித்தான் தீர வேண்டும். பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி வருவதற்குள்ளேயே இறங்கிவிடும். சாலை நீளம் என்பதால் ஓட்டுகிறவருக்கு அது உறைக்காது. அதன் பிறகு காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி என்று ஏறியும் இறங்கியும் போய், பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் பாக்கிக் கணக்கை ஒரே மூச்சில் தீர்க்கச் சொல்கிறது சாலை.

எங்கள் மாவட்டத்தில் 'இரட்டைப் பாலம்' என்றாலே போதும், அதற்கு மேல் விளக்க வேண்டாம். 2024 ஜனவரி 24 அன்று அங்கே கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால் போன வண்டிகளில் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கேமரா பதிவு தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. உள்ளூரில் யாருக்கும் அது முதல் விபத்து இல்லை. "பிரேக் பிடிக்கல" என்று மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி வரும். நான் ஓசூரில் சம்பளம் வாங்குவது அந்த ஒரு வரியின் பின்னால் இருக்கும் வேலைக்காக. கனரக வாகனப் பிரேக்குகளில் வெப்பம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று கணினியில் கணக்குப் போடுவது. கடந்த சில ஆண்டுகளாக அந்தக் கணக்கில் செயற்கை நுண்ணறிவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஏஐ இல்லாத கணக்கு. பத்து சக்கர டாரஸ் லாரி ஒன்று, 2018-ல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, லோடோடு 28.5 டன் வரை இருக்கலாம். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 2.8 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். வேகமாக மாறக் கூடாது என்றால் வெப்பமாகத்தான் மாற வேண்டும். டயர் உருளும் தடை கொஞ்சம் தின்னும், காற்று கொஞ்சம் தின்னும். கியரில் இருந்தால் எஞ்சினும், புகை போகும் வழியை அடைத்து எஞ்சினை இழுத்துப் பிடிக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் கணிசமாக வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும், மூன்று அச்சுகளின் இரண்டு முனைகளிலும் சக்கரத்தோடு சுற்றும் ஆறு பிரேக் டிரம்முக்குள்.

பிரேக்குகளுக்கான ஐ.நா. விதிமுறை 13-ல் ஓர் இறக்கச் சோதனை உண்டு. 6 சதவீதச் சரிவு, 6 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 30 கிலோமீட்டர். அதாவது பன்னிரண்டு நிமிடம். நம் டாரஸுக்கு இது ஏறக்குறைய 140 கிலோவாட். டயருக்கும் காற்றுக்கும் போனது போக, நியூட்ரலில் இருந்தால் 120 கிலோவாட்டாவது டிரம்களுக்கு வரும். ஆளுக்கு 20 கிலோவாட். வீட்டில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பத்து அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டது போல. டிரம் 50 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஆறுவதற்கு வழியே இல்லாதபோது விநாடிக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடு ஏறும். பன்னிரண்டு நிமிடத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சூடு ஏறினால் இரண்டு சங்கடம். டிரம்மின் உள்சுவரில் உரசி வண்டியைப் பிடிக்கும் லைனரில் இருக்கும் பிசின் கருகத் தொடங்கி உராய்வு விழும்; இறக்கத்தில் மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாசனை அதுதான். இரண்டாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. டிரம் விரிகிறது. 41 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கும். லைனர் போய்த் தொட வேண்டிய சுவர் விலகிப் போகிறது. காற்றுப் பிரேக்கில் லைனரைத் தள்ளும் கம்பி நகரும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. முன்பே அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கும் சக்கரத்தில் அந்த எல்லை முடிந்துவிட்டால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது. டிரைவர் சொல்லும் 'பிரேக் பிடிக்கல' பொய்யே இல்லை.

இப்போது மேலே சொன்ன சோதனை விதிக்குத் திரும்பி வருவோம். அதில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது: வண்டி பொருத்தமான கியரில் இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். அப்படி ஓட்டினால் வண்டி தாங்க வேண்டும் என்பதுதான் சோதனையின் நோக்கம். ஆனால் அதனால் என்ன ஆகிறது? உலகம் முழுக்கப் பிரேக் கம்பெனிகளின் கணினிகளில் குவிந்திருக்கும் இறக்கச் சோதனை டேட்டாவில் பெரும்பகுதி, கியரில் ஒழுங்காக இறங்கிய வண்டியின் டேட்டா. நியூட்ரலில் இறங்கிய வண்டியை யாரும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் மாட்டி ஓட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது. எந்த நிலைமையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டுமோ அந்த நிலைமைக்கு டேட்டா இல்லை. இதுதான் முடிச்சு.

இந்த மாதிரி இடத்தில் அட்டவணை டேட்டாவை எடுத்து, 'இதைவிடக் கூடவா, குறைவா' என்று கேட்டுக் கேட்டுக் கிளை பிரிந்து கடைசி இலையில் ஓர் எண்ணைச் சொல்லும் முடிவு மரங்களை அடுக்கிய ஒரு மாடலில் போட்டுப் பார்ப்பது இப்போது எல்லோருக்கும் முதல் வேலை. ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் என்று நூலகங்கள் தயாராக இருக்கின்றன. பத்து வரி நிரல் போதும். சோதனை டேட்டாவிலேயே ஒரு பகுதியை ஒளித்து வைத்துப் பரிசோதித்தால் பிரமாதமாகச் சொல்லும். ஆனால் ரேண்டம் ஃபாரஸ்ட் பதில் சொல்லும் விதமே, பயிற்சியில் பார்த்த எண்களின் சராசரி. பார்த்ததில் அதிகபட்சம் 280 டிகிரி என்றால் அது ஒருநாளும் 281 என்று சொல்லாது. டிரம் உருகி ஓடினாலும் 280-க்குள்தான் நிற்கும். எக்ஸ்ஜிபூஸ்டும் கடைசி இலைக்கு வெளியே போனால் அப்படியே தட்டையாகிவிடும். எக்செல் படத்தில் இது பார்க்க அழகாகத்தான் இருக்கும்: ஏறிப்போன கோடு சமதளமாகிவிடும், மேலாளர் நிம்மதியாக மூச்சு விடுவார்.

உள்ளே இருக்கும் எடைகளைத் திருத்தித் திருத்திக் கற்கும் நியூரல் நெட்வொர்க்குக்கு அந்தக் கூரை இல்லை, ஆனால் வேறு சிக்கல். 1989-ல் சிபென்கோ நிறுவிய ஒரு தேற்றத்தை ஏஐ பாடம் நடத்தும் எல்லோரும் முதல் வகுப்பிலேயே சொல்வார்கள்: போதுமான அளவு பெரிய நெட்வொர்க் எந்தத் தொடர்ச்சியான சார்பையும் வேண்டிய அளவுக்கு நெருங்கிவிடும் என்று. தேற்றம் சரிதான். அது ஒரு வேலிக்குள், அதாவது எல்லை கட்டிய உள்ளீடுகளுக்குள், மட்டும் என்பதை வகுப்பில் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. வேலிக்கு வெளியே நெட்வொர்க் என்ன சொல்லும் என்பது பற்றித் தேற்றம் வாயே திறக்கவில்லை.

வானிலைக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஏஐ பொறியியல் மாடல்களில் உண்மையிலேயே சாதித்த துறை அதுதான் என்பதால் அங்கிருந்து வரும் எச்சரிக்கைக்கு எடை அதிகம். 2023-ல் வந்த கிராஃப்காஸ்ட், 1979 முதல் 39 ஆண்டு வானிலைப் பதிவுகளில் பழகிவிட்டு, பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. அதே வேலைக்கு வழக்கமான முறையில் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். சந்தேகமில்லாத வெற்றி. ஆனால் 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், இதே இனத்தைச் சேர்ந்த ஃபோர்காஸ்ட்நெட் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது 3 முதல் 5 வகை வரையிலான கடும் புயல்களை எல்லாம் டேட்டாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு 5-ஆம் வகைப் புயலைக் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள். மாடல் அதைப் பலம் குறைந்த புயலாகவே கணித்தது. பார்க்காத உக்கிரத்தை அதனால் கற்பனை செய்ய முடியவில்லை.

இதை ஊத்தங்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் வந்து ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய மழைக் கணக்கை மட்டும் படித்த எந்த மாடலுக்கு அது தெரிந்திருக்கும்?

சரி, டேட்டா இல்லாத இடத்தில் எதை நம்புவது? ஆற்றல் எங்கும் காணாமல் போகாது என்பதை நம்பலாம். அது நியூட்ரலுக்கும் பொருந்தும், கியருக்கும் பொருந்தும், எவரும் சோதிக்காத 400 டிகிரிக்கும் பொருந்தும். டிரம்முக்குள் வந்த வெப்பத்திலிருந்து காற்றுக்குப் போனதைக் கழி, கதிர்வீச்சாகப் போனதைக் கழி, மிச்சம் டிரம்மைச் சூடாக்கும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று ஸ்டெஃபான் 1879-லேயே சொல்லிவிட்டார். இவ்வளவையும் ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டில் எழுதிவிடலாம். பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்த சமன்பாடு.

பிறகு ஏஐ எதற்கு? அந்தச் சமன்பாட்டில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. லைனரின் உராய்வு வெப்பத்தோடும் வேகத்தோடும் அழுத்தத்தோடும் எப்படி மாறும் என்பதற்கு ஒழுங்கான சூத்திரம் இல்லை. ஒரு கலவைக்கு ஒரு மாதிரி, புதிய லைனருக்கு ஒரு மாதிரி, ஒருமுறை கருகிய லைனருக்கு வேறு மாதிரி. இன்னொன்று, சக்கரத்துக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்பது. ரிம், மட்கார்டு, பக்கத்து டயர் எல்லாம் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பாடப்புத்தக எண்ணை வைத்தால் பதில் எங்கேயோ போகும். இந்த இரண்டு இடத்தில் மட்டும் சின்ன நியூரல் நெட்வொர்க்கை வைத்துவிட்டு, மற்றதைச் சமன்பாட்டுக்கே விட்டுவிட வேண்டும். நெட்வொர்க்கின் பதில் சமன்பாட்டுக்குள் போய், சமன்பாடு வெப்பநிலையைக் கணக்கிட்டு, அதைத் தெர்மோகப்பிள் அளவோடு ஒப்பிட்டு, பிழையைத் திரும்பி நெட்வொர்க்குக்கு அனுப்பித் திருத்த வேண்டும். 2018-ல் டொரோண்டோ ஆய்வாளர்கள் நியூரல் ஓடிஇ என்ற பெயரில் நெட்வொர்க்கையும் வகைக்கெழுச் சமன்பாட்டையும் இப்படிக் கோத்துக் காட்டினார்கள். 2020-ல் கிறிஸ் ரக்கௌகாஸ் குழு, தெரிந்த இயற்பியலை வைத்துக்கொண்டு தெரியாத உறுப்பை மட்டும் கற்கவைக்கும் வகையில் அதை விரித்தது. நெட்வொர்க் எவ்வளவு முட்டாள்தனமாக நடந்துகொண்டாலும் இந்த அமைப்பில் வெப்பத்தைத் திருட முடியாது. உராய்வைத் தப்பாகச் சொல்லலாம், காற்றோட்டத்தைத் தப்பாகச் சொல்லலாம். கணக்கை மட்டும் கலைக்க முடியாது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வழி உண்டு. 'பின்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இயற்பியல் தெரிந்த நியூரல் நெட்வொர்க். மூலக் கருத்து 1998-ல் லகாரிஸ் குழுவின் கட்டுரையிலேயே இருக்கிறது. ரைசி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் மூவரும் 2019-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் வெடித்துப் பரவியது. இதில் வெப்பநிலையையே நெட்வொர்க் சொல்லும். அது சமன்பாட்டை எவ்வளவு மீறுகிறது என்று பல புள்ளிகளில் கணக்கிட்டு, மீறலுக்கு அபராதம் போடுவார்கள். அபராதம் என்றால் கட்டிவிட்டு மீறலாம் என்று அர்த்தம். அதுதான் எனக்கு இதில் பிடிக்காதது. டேட்டாவோடு பொருந்தவா, சமன்பாட்டுக்குக் கட்டுப்படவா என்று நெட்வொர்க் பேரம் பேசும். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதை நாம் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். லோடு மாறினால், சரிவு மாறினால் மறுபடி பயிற்சி. சமன்பாடு முழுசாகத் தெரிந்த இடத்தில் பதில் மட்டும் வேண்டுமென்றால் பழைய எண்முறைகளே போதும், பெரும்பாலும் வேகமும் அதிகம். அளந்த வெப்பநிலையிலிருந்து தெரியாத காரணத்தைப் பின்னோக்கித் தேடும்போது 'பின்' உதவும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விற்பனைக்கு வருகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒரு மென்பொருள் கம்பெனியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து டெமோ காட்டினார்கள். பிரேக் டிரம்மின் முழு வெப்பப் படம், மணிக்கணக்கில் ஓட வேண்டிய சிமுலேஷன், கண் இமைக்கும் நேரத்தில் சிவப்பு மஞ்சள் நீலமாக வந்து நின்றது. அறையில் எல்லோரும் "ஓ" என்றார்கள். நான் நியூட்ரலுக்கு உரிய வெப்பத்தைக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்கள், அதற்கும் அதே அழகோடு ஒரு படம் வந்தது. அந்த எண்களை வாங்கி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், உள்ளே போன வெப்பத்தில் ஒரு பகுதி டிரம்மிலும் இல்லை, காற்றுக்குப் போனதிலும் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டேன். "அது டீப் லேர்னிங் சார், கருப்புப் பெட்டிதான், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது" என்றார் வந்தவர், ஏதோ சிறப்பம்சம் சொல்வது போல. நம்ம ஊர்ப் பால் சொசைட்டியில் கணக்கு இடித்தால் இந்தப் பதிலைச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

சிமுலேஷனுக்குப் பதிலாக வரும் அந்த மாதிரி துணை மாடல்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரம்மின் விளிம்புத் தடிப்பை ஐந்நூறு விதமாக மாற்றிப் பார்த்து எது தேறும் என்று வடிகட்டுவதற்கு அவை அருமையானவை. எல்லாமே வேலிக்குள் நடக்கிற காரியம். வேகத்தைப் பற்றிச் சொல்லும் பெருமைகளைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். 2024-ல் மெக்ரீவி, ஹாகிம் இருவரும் பாய்ம இயக்கச் சமன்பாடுகளுக்கு ஏஐ பயன்படுத்தி, வழக்கமான முறையைத் தோற்கடித்ததாகச் சொன்ன 76 கட்டுரைகளை அலசினார்கள். அவற்றில் 60, பலவீனமான எதிராளியோடு ஒப்பிட்டு ஜெயித்தவை. சோப்ளாங்கியோடு குஸ்தி போட்டுவிட்டுப் பட்டம் வாங்கிய கதை.

சித்தப்பா டாரஸ் வைத்திருக்கிறார். நல்லம்பள்ளியில் வீடு. பல வருஷமாக அவரே ஓட்டுகிறார். அவர் வண்டியில் தெர்மோகப்பிள் பதிக்க அனுமதி கேட்டபோது, லைனரில் ஓட்டை போடுவதா என்று முறைத்தார். அதனால் இன்ஃப்ராரெட் கன் ஒன்றோடு நானும் ஏறிக்கொண்டேன். இறக்கம் முடிந்து டீக்கடை ஓரம் நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம்மாகப் பிடித்துக் குறித்தேன்.

"என்னடா, சுடுற துப்பாக்கியாட்டம்?"

"சூடு பாக்குறது சித்தப்பா."

"நாலு சொட்டு தண்ணி தெளிச்சா தெரிஞ்சிரப் போவுது."

பின்பக்கச் சக்கரங்களில் மூன்று 200 டிகிரிக்கு மேலே. வலது கடைசி மட்டும் 90-க்குக் கீழே. சித்தப்பாவுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம், "அது நல்லாருக்குது பாரு" என்றார். அங்கே பஞ்சர் போட்டுக்கொண்டிருந்த பட்டறைக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து, கன்னையெல்லாம் பார்க்காமல், அந்த ரிம்முக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இதுதான் வேலையே செய்யல. மத்ததுங்க இதோட பங்கையும் சேத்து இழுக்குதுங்க."

சூடான டிரம்மைப் பார்த்துப் பயப்படுவது வழக்கம். பயப்பட வேண்டியது ஆறிக் கிடக்கும் டிரம்மைப் பார்த்து. அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் வெப்பக் கேமராவை வைத்து வேலை செய்யாத பிரேக்கைத் தேடுவதும் இதே தர்க்கத்தில்தான். சமன்பாட்டுக்குள் நெட்வொர்க்கை வைத்து நான் கட்டிய மாடல் இங்கேதான் பின்னோக்கி ஓடுகிறது. ஆறு டிரம்மின் வெப்பநிலையைக் கொடுத்தால், எது எவ்வளவு பங்கு பிரேக் பிடித்தது என்று அது திருப்பிச் சொல்ல வேண்டும். எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பதற்குப் போனில் இருக்கும் காற்றழுத்த உணரியே போதும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் எட்டு ஒன்பது மீட்டர் இறங்கியிருக்கிறோம் என்று கணக்கு. வேகத்துக்கு ஜிபிஎஸ். லோடு எவ்வளவு என்று எடைமேடைச் சீட்டு.

ஒரு சிக்கல் உண்டு. டிரம் ஆறிக் கிடக்க இரண்டு காரணம் இருக்கலாம்: பிரேக் பிடிக்கவில்லை, அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் காற்று நன்றாகப் படுகிறது. இறக்கத்து டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு நெட்வொர்க் இரண்டில் எதை வேண்டுமானாலும் சொல்லிப் பொருத்திவிடும், இரண்டும் பொருந்தும். பிரித்துக் காட்டுவது நிறுத்திய பிறகு வரும் நேரம். நின்ற வண்டியில் பிரேக்குக்கு வேலை இல்லை. ஆறும் வேகம் முழுக்க முழுக்கக் காற்றையும் கதிர்வீச்சையும் பொறுத்தது. அதனால் மற்றவர்கள் டீ குடிக்கும் நேரம் முழுவதும் நான் ஆறு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து அளந்துகொண்டிருந்தேன். சித்தப்பா கடைக்காரரிடம், "பெங்களூர்ல படிச்சவன், அப்படித்தான்" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டார். நான் படித்தது சேலத்தில்.

நின்ற கொஞ்ச நேரத்துக்கு டிரம்மின் வெளிப்பக்கம் சூடு கூடியது. உள்பரப்பில் பிறந்த வெப்பம் வார்ப்பிரும்பைக் கடந்து வெளியே வர அரை நிமிடம் போல ஆகும். அதன் பிறகு மெதுவாக ஹப்புக்கும் ரிம்முக்கும் டயர் விளிம்புக்கும் பரவும். ஓடும்போது எரியாத டயர் நிறுத்திய பிறகு புகைவது இதனால்தான். அவசரத்தில் பாட்டில் தண்ணீரை டிரம்மில் ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு அதில் விரிசல் விடும். அந்த விரிசல் அடுத்த இறக்கத்தில் வளரும்.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததில் மாடலும் பட்டறைக்காரர் சொன்னதையே சொன்னது. வலது கடைசிச் சக்கரத்தின் பங்கு மிகக் குறைவு, காற்றோட்டத்தில் வித்தியாசம் இல்லை. கழற்றிப் பார்த்தபோது, லைனருக்கும் டிரம்முக்கும் இடையில் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தேய்ந்து நழுவிக்கொண்டிருந்தது. உள்ளங்கை ஒரு நொடியில் சொன்னதற்கு இவ்வளவு கணக்கா என்று கேட்கலாம். எந்தச் சக்கரம் என்பதைக் கண்டுபிடிக்க உள்ளங்கை போதும்தான். அன்று வண்டி பாதி லோடில் வந்தது. இதே நிலையில் முழு லோடோடு, நியூட்ரலில் இறங்கியிருந்தால் மற்ற ஐந்தும் எவ்வளவுக்குப் போயிருக்கும், டிரம் எவ்வளவு விரிந்திருக்கும், கம்பி எல்லையைத் தொட்டிருக்குமா என்பதை உள்ளங்கை சொல்லாது. யாரும் அப்படி ஓட்டிப் பார்க்கவும் முடியாது. மாடலில் ஓட்டிப் பார்க்கலாம். பார்த்தேன். சித்தப்பாவிடம் எண்ணைச் சொல்லவில்லை, வரைபடத்தை மட்டும் காட்டினேன். "இதென்ன, மேலயே போவுது?" என்றார்.

அந்தக் கோட்டைச் சுற்றி நான் ஒரு பட்டையும் வரைந்திருந்தேன். மாடலுக்கு எவ்வளவு நிச்சயமில்லை என்பதைக் காட்டும் பட்டை. 400 டிகிரிக்கு மேல் அது அகன்று போகிறது. லைனர் அந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு டேட்டா அரிது. இதற்கு நான் பயன்படுத்தும் முறை ஏஐ என்ற விளம்பரம் வருவதற்கு வெகு முன்பே வந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951-ல், துளை போட்ட இடங்களில் கிடைத்த தங்கத்தின் அளவை வைத்து, துளை போடாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வழி சொன்னார். பிறகு பிரெஞ்சுக்காரர் மாத்தரோன் அதற்கு ஒழுங்கான கணித அடித்தளம் போட்டு, கிரிகேயின் பெயரையே வைத்தார். இந்த முறை பதிலோடு சேர்த்து நிச்சயமின்மையையும் சொல்லும்; துளையிலிருந்து விலக விலக அது கூடும். நம் பக்கத்துக் கிரானைட் குவாரிக்காரர்களும் போர் போட்டுத்தான் பாறையை விலை பேசுகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பட்டையின் அர்த்தம் சட்டென்று புரியும். டெமோ காட்ட வந்தவர்களின் வண்ணப் படத்தில் அது எங்கேயும் இல்லை.

எந்தச் சமன்பாட்டிலும் இல்லாத ஒன்று டிரைவர். தொப்பூரில் 'நியூட்ரலில் இறங்காதீர்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இறங்குகிறார்கள். டீசல் மிச்சம் என்பது காரணம். இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினைச் சுற்றுவது சக்கரங்கள்தான். இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அந்த நேரத்தில் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது டீசல் போயே ஆக வேண்டும். போதாததற்கு எஞ்சின் மெதுவாக ஓடுவதால் காற்றுக் கம்ப்ரஸரும் மெதுவாக ஓடும், மிதிக்க மிதிக்கத் தொட்டியில் காற்று குறையும். ஆனால் லேசான சரிவில், பிரேக்கே தேவைப்படாத இடத்தில், நியூட்ரலில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை அங்கங்கே அப்படி உருட்டிப் பழகிய கை, தொப்பூரிலும் அதையே செய்கிறது. இதைச் சித்தப்பாவிடம் விளக்கினால் தலையாட்டுவார். வாடகைக்கு டீசல் அளந்து கொடுக்கும் முதலாளியிடம் வேலை பார்க்கிற டிரைவரிடம் விளக்கினால், "நீ வந்து எங்க ஓனர்கிட்ட சொல்லு" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தொப்பூரில் உயர்மட்டச் சாலை கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. சரிவு குறையும், வளைவு நிமிரும். இந்தச் சாலையின் டேட்டாவை அப்படியே விழுங்கிய மாடல் எதுவானாலும் அன்றைக்குக் கடாசிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். என்னுடையதில் சரிவு என்பது உள்ளே போகும் ஓர் எண். அந்த எண்ணை மாற்றினால் போதும், உராய்வும் காற்றோட்டமும் கற்றது கற்றதாகவே இருக்கும். அதுவரைக்கும் செய்ய வேண்டியது, முழு லோடோடு, கியரில், எக்சாஸ்ட் பிரேக் போட்டு இறங்கும்போது ஆறு டிரம்மும் எவ்வளவு காட்டுகின்றன என்று அளப்பது. சித்தப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரே நிபந்தனையோடு: டீக்கடையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடக் கூடாதாம்.